ரிம்பாடெக்குக்கு நெருங்கிய வட்டாரம்

பீட்டர் கார்த்திகேசுவுக்குத் தரவேண்டிய கடன் நாலாயிரத்து முந்நூற்று எண்பது வெள்ளி எழுபது காசு. இதில் நாலாயிரத்து முந்நூற்று எண்பது வெள்ளி, ரிம்பாடெக் கம்பெனியின் ஆறாயிரம் பங்குகளாக மாறி பீட்டரின் கைப்பேசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எழுபது காசு, பணம் கைமாறிய அன்றைக்கு ஒட்டுக்கடையில் பீட்டர் குடித்த தே தாரேக் டீக்குக் குறைந்த சில்லறை. ரெண்டையும் சேர்த்தே தருகிறேன், மூன்றே வாரம் என்றார். சொன்னது செப்டம்பரில்.

கொடுத்தவன் வசதிக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். அதே ரிம்பாடெக்கில், சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் கார்த்திகேசு. சிப்புகளைச் சோதிக்கிற மெஷினைச் செய்கிற கம்பெனி அது. இத்தனை வருடத்தில் அந்த மெஷினின் முகத்தை அவன் பார்த்ததில்லை. மரப்பெட்டியைத்தான் தெரியும். பெட்டியைத் தூக்கு, பெட்டியை இறக்கு. சாயங்காலம் பினாங்கின் பாயான் பாரு அடுக்குமாடிக்குத் திரும்பும்போது இடுப்பு தனியாகவும் ஆள் தனியாகவும் படியேறும்.

பணம் அவனுடையதும் இல்லை. மனைவி ருக்குமணியுடையது. வாரம் இரண்டு நாள் பசார் மாலாம் இரவுச் சந்தையில் நின்று, எண்ணெய்ப் புகையில் கண் கரிக்க வடை சுட்டுச் சேர்த்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ரோட்டில் சொந்தமாக ஒரு கடை போடவேண்டும் என்பது அவளுடைய பல வருடத்து ஆசை. கடை லாட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு, மிச்சத்தில் பெரிய கேஸ் அடுப்பும் வாணலியும் என்று மனசுக்குள்ளேயே கடையைக் கட்டி முடித்திருந்தாள். பேங்கில் போட்டுவிட்டு வாருங்கள் என்று புருஷனிடம் கொடுத்தாள். பேங்குக்குப் போகிற வழியில் ஒட்டுக்கடை இருந்தது. ஒட்டுக்கடையில் பீட்டர் இருந்தார்.

பீட்டர் தபால் நிலையத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கார்த்திகேசு வீட்டுக்கு இரண்டு மாடி கீழே குடியிருப்பு. அவரிடம் இரண்டு கைப்பேசி உண்டு. ஒன்று வீட்டுக்கு, ஒன்று பங்குச் சந்தைக்கு. வீட்டுக் கைப்பேசி எப்போதும் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும். மற்றதில் 'பசார் பந்தாஸ்' என்கிற ஆங்கில வணிகச் செய்தித்தளம் ஓடிக்கொண்டே இருக்கும். கால் மணிக்கு ஒரு செய்தி போடுகிற தளம். டெக்னாலஜி பங்கு என்றால் அவர்களுக்குத் தனி உற்சாகம். காலையில் ரிம்பாடெக் இரண்டு காசு ஏறினால் 'நம்பிக்கையால் ஏற்றம்' என்று வரும். மத்தியானம் அதே இரண்டு காசு இறங்கினால் 'எச்சரிக்கையால் இறக்கம்' என்று வரும். காலையில் இருந்த நம்பிக்கை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கே போனது என்று பீட்டர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் வந்தால் அதில் காரணம் இருக்கும் என்பது அவர் கொள்கை.

கார்த்திகேசுவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பீட்டர் ஒவ்வொரு செய்தியையும் தமிழில் சொல்லிக் காட்டுவார். அன்றைக்குச் சொன்னது இது: உலகம் முழுக்க ஏ.ஐ. சிப்புக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள், அதைச் சோதிக்கிற மெஷினுக்கு ரிம்பாடெக்கில் ஆர்டர் குவியப்போகிறது. தன் கம்பெனியைப் பற்றி அடுத்தவர் வாயால் நல்லதைக் கேட்டபோது கார்த்திகேசுவுக்கு முதுகு நிமிர்ந்தது. பதினோரு வருடமாக அவன் கம்பெனியைப் புகழ்ந்தவர் யாருமில்லை. புகழ்ச்சிக்குக் கூலியாக ருக்குமணியின் பணம் மேசை மாறியது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கதை.

கம்பெனி வாசலுக்கு எதிரே, மழைமரத்தடியில் இன்னொரு ஒட்டுக்கடை. ஒருநாள் மத்தியானம் கார்த்திகேசு அங்கே ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, தோளில் பை மாட்டிய பெண்பிள்ளை ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேர் தனுஜா. மரியாதையாக அங்கிள் என்று கூப்பிட்டாள். உள்ளே வேலை எப்படிப் போகிறது, அதைப்பற்றி எழுதவேண்டும், எழுதலாமா என்று கேட்டாள். காலேஜில் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று கார்த்திகேசு நினைத்துக்கொண்டான். படிக்கிற பிள்ளைக்கு உதவி செய்தால் புண்ணியம். தாராளமாக எழுது, நன்றாகப் படி என்று ஆசீர்வாதமும் செய்தான். பிறகு, பீட்டர் சொன்னதை அப்படியே எடுத்து, தன் கிடங்கைக் கொஞ்சம் மேலே தூவிப் பரிமாறினான்.

"ஏ.ஐ. ஆர்டர் கொட்டுதும்மா. ஸ்டோர்ல கால் வைக்க இடமில்ல. எலிகூட ஒருக்களிச்சுத்தான் போவணும்."

கிடங்கு நிறைந்திருந்தது பொய்யில்லை. பெட்டிகள் கூரையைத் தொட்டன. காலையில் இடப்பக்கம் அடுக்கியதைச் சாயங்காலம் வலப்பக்கம் மாற்றி, மறுநாள் மறுபடி இடப்பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். லாரி மட்டும் வரவில்லை. வேலை இருக்கிறது, இடுப்பு வலிக்கிறது, ஆகவே கம்பெனி நன்றாக ஓடுகிறது என்று அவன் கணக்குப் போட்டான். அவன் பாட்டுக்குப் போட்ட கணக்கு அது. யாரையும் ஏமாற்றுவதற்காக இல்லை.

மறுநாள் பீட்டர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். கம்பெனிக்கு நெருங்கிய வட்டாரமே உறுதிப்படுத்திவிட்டது, ஏ.ஐ. ஆர்டரால் கிடங்கில் கடும் இட நெருக்கடியாம் என்று வாசித்தார். கார்த்திகேசு அசந்துபோனான். தன்னோடு வேலை செய்கிற எவனோ பெரிய இடத்தில் பேசியிருக்கிறான். சூப்பர்வைசர் அஸ்ஹராகத்தான் இருக்கும். அந்த ஆளுக்கு வாய் நீளம். ஆனாலும் நல்லதைத்தானே சொல்லியிருக்கிறார் என்று மனசுக்குள் அவருக்கு ஒரு வணக்கம் போட்டான்.

அடுத்த வாரம் தனுஜா மறுபடி வந்தாள். இந்தமுறை கார்த்திகேசுவிடம் சொல்வதற்குக் கூடுதலாக ஒன்று இருந்தது. நான் மட்டும் சொல்லவில்லை அம்மா, உள்ளே இருக்கிற பெரிய ஆள் ஒருத்தரே ஒத்துக்கொண்டார் என்றான். அது 'இரண்டாவது வட்டாரமும் உறுதி' என்று வந்தது. பீட்டர் வாசித்தார். கார்த்திகேசு நம்பினான். ஒரே வாய், இரண்டு வட்டாரம். பங்கு எழுபத்து மூன்று காசிலிருந்து தொண்ணூறைத் தாண்டி, ஒரு வெள்ளி பதினெட்டு காசில் போய் நின்றது.

அன்றைக்கு விற்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. விற்றுவிடலாமா அண்ணே என்று கார்த்திகேசுவும் கேட்டான். பீட்டர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். நிபுணர்கள் ஒன்றரை வெள்ளி என்று இலக்கு வைத்திருக்கும்போது ஒன்று பதினெட்டில் விற்கிறவன், பினாங்குத் தீவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டுக் கடலைத் தாண்டாமல் பட்டர்வொர்த்திலேயே இறங்கிக்கொள்கிறவன் என்றார். உவமை நன்றாக இருந்ததால் கார்த்திகேசு மேற்கொண்டு பேசவில்லை.

நவம்பர் கடைசியில் காலாண்டுக் கணக்கு வந்தது. நஷ்டம். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வாங்குவதை ஒத்திப்போட்டதால் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று கம்பெனியே அறிவித்தது. பங்கு படிப்படியாக இறங்கவில்லை. தேங்காய் விழுகிற மாதிரி விழுந்தது. ஐம்பத்தைந்து, நாற்பது, முப்பத்திரண்டு. 'எதிர்பார்த்தபடியே சரிவு' என்று பசார் பந்தாஸ் எழுதியது. யார் எதிர்பார்த்தார்கள் என்று எழுதவில்லை. கிடங்கில் ஆட்களுக்கு வேலை இல்லாமல், மிச்சமிருக்கிற வருட விடுமுறையை எடுத்து முடியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கார்த்திகேசு கட்டாய விடுமுறையில் வீட்டில் கால் நீட்டியிருந்தபோது, ருக்குமணி கை கழுவிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். திங்கட்கிழமைக்குள் லாட்டுக்குப் பணம் கட்டவேண்டும், இல்லாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், பேங்கிலிருந்து எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். கார்த்திகேசு கூரையைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். தனியாக மாட்டிக்கொள்வதைவிட இரண்டு பேராக மாட்டிக்கொள்வது மேல் என்று தோன்றியது. வா, கீழே பீட்டர் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று எழுந்தான். படியிறங்கும்போதே பாதியைச் சொல்லிவிட்டான். மீதியை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

பீட்டர் வீட்டில் அவர் மனைவி அமலம்மாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயில் திருவிழாவில் வருடா வருடம் சாப்பாட்டுக்கடை போடுகிற கை அது. என்ன விஷயமென்று கேட்டதும் துருவுவது நின்றது. பீட்டர் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, குற்றவாளி வேறொருவன் என்று விளக்கத் தொடங்கினார். பசார் பந்தாஸ் அன்றைக்குத்தான் 'ரிம்பாடெக்: எங்கே தவறியது' என்று நீளமாக ஒரு கட்டுரை போட்டிருந்தது. தாங்கள் பொறுப்பாகத்தான் எழுதினோம், உள்ளே இருந்த ஆள் சொன்னதைத்தான் போட்டோம் என்று அந்த ஆள் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை கொடுத்திருந்தார்கள்.

"அந்த சோர்ஸ் மட்டும் என் கையில கெடைச்சான், கழுத்தத் திருகிருவேன் ருக்கு. கேளு, என்ன திமிரா பேசிருக்கான்னு." பீட்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரிவரியாகத் தமிழ்ப்படுத்தினார். "ஸ்டோர்ல கால் வைக்க எடமில்ல. எலிகூட... எலிகூட சைடா திரும்பித்தான் போவணுமாம்."

ருக்குமணி ஓரடி முன்னால் வந்தாள்.

"அந்த எலிய இன்னொரு தடவ படிங்கண்ணே," என்றாள்.

பீட்டர் படித்தார். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நம்ம வீட்டு குசினியில நின்னு சமைக்க எடமில்லன்னு கல்யாணம் பண்ண நாள்லேருந்து நீங்க சொல்ற எலிதானே இது?"

கார்த்திகேசுவுக்குக் காது சுட்டது. மழைமரம், ரொட்டி, தோள் பை, அங்கிள் என்று கூப்பிட்ட குரல் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. காலேஜ் பிள்ளை என்று நினைத்தேன் என்று முனகினான். இரண்டாவது வட்டாரம் யார் என்று பீட்டர் மெல்லக் கேட்டார். அதுவும் நான்தான் என்றான். அப்படியானால் தான் நினைத்திருந்த சூப்பர்வைசர் அஸ்ஹர்? அந்த மனுஷன் பாவம், அவருக்கு ஒன்றுமே தெரியாது.

பீட்டர் கழுத்தைத் திருகவில்லை. இருந்தாலும் எழுந்து நின்றார்.

"உன்ன நம்பித்தானடா நான் விக்காம வச்சிருந்தேன்."

"நீங்க படிச்சுக் காட்டுனதத்தானேண்ணே நான் அந்தப் புள்ளகிட்ட சொன்னேன்."

"நீ சொன்னதத்தானடா நான் படிச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரவுண்டபவுட்டில் வெளியேறுகிற ரோட்டைத் தவறவிட்டுச் சுற்றிக்கொண்டேயிருக்கிற இரண்டு கார்களைப் போலிருந்தது அவர்கள் முகம். ஆதியில் இதைச் சொன்னது யார் என்று அமலம்மாள் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

ருக்குமணிக்கு ஆதியும் வேண்டாம், அந்தமும் வேண்டாம். இருப்பது எவ்வளவு என்று கேட்டாள். ஆறாயிரம் பங்கு, முப்பத்திரண்டு காசு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது வெள்ளி. லாட்டுக்குப் போதும். இப்போதே விற்றுக் கொடுங்கள் என்றாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே முக்கால். சந்தை மூடுவதற்கு இன்னும் கால் மணி.

பீட்டர் கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொண்டார். இன்றைக்கு விற்பது பாவம் என்றார். காலையில்தான் புதுச்செய்தி வந்திருக்கிறது: ரிம்பாடெக் கிடங்கில் தேங்கிய சரக்கு நகரத் தொடங்கிவிட்டதாகச் சந்தை வட்டாரத்தில் பேச்சு, பங்கு மீளும் அறிகுறி. இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் போட்டது திரும்பிவிடும்.

கார்த்திகேசுவுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. உண்மையாக இருந்தால்? அடுத்த நொடியே தன் காலைப் பார்த்தான். சரக்கு நகர்ந்தால் நான் எதற்கு வீட்டில் கால் நீட்டிக்கிடக்கிறேன்? இந்தமுறை நான் வாயே திறக்கவில்லை, அண்ணே. அந்தப் பிள்ளையைப் பார்த்தே மாதமாகிறது. அப்புறம் யார் சொன்னது என்று கேட்டான்.

அமலம்மாள் தேங்காய்த் துருவலைக் கையிலிருந்து தட்டிவிட்டார். "நேத்து சாயங்காலம் பூரா அந்தத் தளத்துக்குக் கீழ என்னமோ கருத்து எழுதுறேன்னு தட்டிக்கிட்டே இருந்தீங்களே. என்னா எழுதுனீங்க?"

பீட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரக்கு நகர்வதாகக் கேள்விப்பட்டேன் என்று ஒரு வரி எழுதியது உண்மைதான் என்றார். யாரிடம் கேள்விப்பட்டது? யாரிடமும் இல்லை. நகர்ந்தால் நன்றாக இருக்குமே என்று எழுதியது. அதைத்தான் அவர்கள் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"அப்ப இது நீங்க எழுதுனது," என்றாள் ருக்குமணி.

"எழுதுனது நான்தான் லா. ஆனா அவுங்களே போட்டிருக்காங்கன்னா, விசாரிச்சுத்தானே போட்டிருப்பாங்க?"

அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. அமலம்மாள் எழுந்து போய், தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்திய அந்த வலது கையைப் பிடித்தார். கட்டைவிரலை நிமிர்த்தினார். பீட்டர் பல் பிடுங்க உட்கார்ந்தவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார். இதில் அமுக்குங்கள், இப்போது இதில் அமுக்குங்கள் என்று மலாயில் இருந்த பொத்தான்களை எட்டிப்பார்த்துக் கார்த்திகேசு சொன்னான். நாலு ஐம்பத்திரண்டுக்கு ஆறாயிரம் பங்கும் முப்பத்திரண்டு காசில் போய்ச்சேர்ந்தன. யாரோ ஒரு புண்ணியவான் வாங்கியிருக்கிறான். அவனும் காலையில் அந்தச் செய்தியைப் படித்திருப்பான். பீட்டருக்கு அதை நினைத்துத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. தன் செய்தியால் லாபமடையப் போகிறவன்மேல் அவர் அப்போதும் மனதாரப் பொறாமைப்பட்டார்.

மீதிக் கணக்கைப் பெண்கள் இருவரும் சமையலறையில் வைத்து முடித்தார்கள். மாதா கோயில் திருவிழாவுக்கு வாங்கிய பெரிய கேஸ் அடுப்பும் இரண்டு இரும்பு வாணலியும் இரண்டாயிரத்து நூறுக்கு ருக்குமணிக்கு. ஜூலையில் திருவிழா வரும்போது வாடகை இல்லாமல் அமலம்மாள் எடுத்துக்கொள்ளலாம். பாக்கி முந்நூற்று அறுபதுக்குத் தைப்பூசம் மூன்று நாளும் பீட்டர் கடையில் வேலை செய்யவேண்டும், நாளுக்கு நூற்றிருபது. பீட்டர் தான் ஒரு கிறிஸ்தவன் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தார். வடைக்கு அது தெரியாது என்றார் அமலம்மாள்.

தைப்பூசம் மூன்று நாளும் தண்ணீர்மலை ரோட்டில் மனிதத் தலையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கார்த்திகேசு மாவு மூட்டை தூக்கினான். ருக்குமணி வடை தட்டினாள். பீட்டர் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, எண்ணெயிலிருந்து வடையை அரித்து எடுத்தார். முதல்நாள் பாதி கருகியது. மூன்றாம் நாள் அவர் எடுத்த வடையைப் பார்த்து, உங்களைத் தபால் நிலையத்தில் வீணடித்துவிட்டார்கள் அண்ணே என்று ருக்குமணியே சொன்னாள்.

அன்றைக்கு மத்தியானம் வரிசையில் ஒரு தோள் பை தெரிந்தது. தனுஜா. கார்த்திகேசுவைக் கண்டதும் முகம் வெளுத்தது. ஓடிவிடுவாள் என்று அவன் நினைத்தான். அவள் நின்றாள். தான் காலேஜ் இல்லை, பசார் பந்தாஸ் நிருபர் என்று அன்றைக்கே தெளிவாகச் சொல்லாதது தன் தப்புதான் என்றாள். ஒரு நாளைக்கு ஏழு செய்தி போடவேண்டும் அங்கிள், கம்பெனிக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை, வாசலுக்குள்ளே விடுவதில்லை, பேசினது நீங்கள் ஒருத்தர்தான் என்றாள். கார்த்திகேசுவுக்குக் கோபம் எங்கே வைத்தோம் என்று தேடியும் கிடைக்கவில்லை. ஏழு லாரி இறக்குகிறவனுக்கு அந்தக் களைப்பு தெரியும். இரண்டு வடையை அதிகமாகக் கட்டிக் கொடுத்தான்.

அவள் போகும்முன் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். "இந்த வருஷம் வியாபாரம் எப்படி அங்கிள்?"

கார்த்திகேசு வாயை மூடிக்கொண்டான். பீட்டர் எண்ணெய்ச் சட்டியையே உற்றுப் பார்த்தார். பதில் ருக்குமணியிடமிருந்துதான் வந்தது.

"வரிசை இந்தா இருக்கு. நின்னு எண்ணிக்கிட்டு எழுது."

தனுஜா நிஜமாகவே ஓரமாகப் போய் நின்று எண்ண ஆரம்பித்தாள். வெகுநேரம் எண்ணினாள்.

சாயங்காலம் கடையைப் பிரித்துக் கட்டியாயிற்று. பீட்டர் துண்டை அவிழ்த்துவிட்டுச் சட்டைப்பையைத் துழாவினார். ஐம்பது காசு ஒன்று, இருபது காசு ஒன்று எடுத்துக் கழுவிக் கவிழ்த்த வாணலியின் மேல் வைத்தார். தே தாரேக் பாக்கி என்றார். கார்த்திகேசு கையை நீட்டினான். ருக்குமணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அத நீங்களே வச்சுக்குங்கண்ணே. இனிமே இவருக்கு சேதி படிச்சுக் காட்டாம இருக்கறதுக்குக் கூலி."

பீட்டரின் மற்றப் பையில் கைப்பேசி இரண்டுமுறை துடித்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. காசு இரண்டையும் எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். அதோடு கடன் தீர்ந்தது.